பூரி சுட்ட திங்கட்கிழமை

ஆறாம் வகுப்பில் என்னோடு ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களே, முன் பெஞ்சில் இருந்துகொண்டு இரண்டு சடைகளை மட்டும் எனக்குக் காட்டியவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பள்ளி மலருக்காக ஆளுக்கு ஒரு பக்கம் கேட்டிருந்தீர்கள். மகிழ்ச்சியான கோடை விடுமுறை ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்றீர்கள். எனக்கு மட்டும் வேலை சுலபம், பழைய நோட்டில் நான் வரைந்த அந்த ஆற்றுப் படத்தைக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னீர்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தை போனில் படம் பிடித்து நம் குழுவில் போட்டேன். இரண்டு பெண்கள், மூன்று செருப்பு, பின்னால் தென்னை மரம். நிறையப் பேர் இதயம் போட்டீர்கள். உங்களில் ஒருத்தி மட்டும், "இது உங்க அம்மா, பக்கத்துல யாரு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி நான்கு நாள் அப்படியே கிடந்தது. நான் பதில் போடவில்லை. ஐந்தாம் நாள் படத்தையே அழித்துவிட்டேன். ஏன் என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மலரில் போடுவதென்றால் அந்தப் படத்தை விட்டுவிட்டு இதைப் போடுங்கள். இடம் போதாவிட்டால் எதையுமே போட வேண்டாம்.

நோட்டு எப்படி வந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். முழுப்பரீட்சை முடிந்த கடைசி நாள் நம் வகுப்பு டீச்சர் எல்லோருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுத்தார். அட்டையில் 'மகிழ்ச்சி நோட்டு' என்று நாமே எழுதிக்கொண்டோம். விடுமுறையில் தினமும் ஒரு நல்ல விஷயம் எழுத வேண்டும். அழுதது, சண்டை போட்டது, அடி வாங்கியது எதுவும் கூடாது. நல்லதைப் பார்ப்பது ஒரு பழக்கம், பல் தேய்ப்பது போல அதைத் தினமும் செய்தால்தான் வரும் என்றார். நல்லது ஒன்று கண்ணில் பட்டதும் அதற்கு ஒரு அடையாளம் வைத்துவிடுங்கள், வைக்காவிட்டால் சாயங்காலம் எழுத உட்காரும்போது மறந்துபோகும் என்றார். வாரம் ஒருமுறை வீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். பள்ளி திறந்ததும் நோட்டுகளைக் கண்காட்சியாக வைத்து, சிறந்ததற்குப் பரிசு.

டீச்சரை நான் இப்போதும் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னது நல்ல விஷயம்தான். அதை நான் எடுத்துக்கொண்டு போன இடம்தான் வேறு.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா சாயப்பட்டறையில் வேலை செய்தார். பஸ்ஸின் நிறத்தை வைத்து எந்த ஊர் பஸ் என்று சொல்லிவிடுவார், பலகையைப் படிக்கத் தெரியாது. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். என் பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு, சாமி படத்துக்குக் கீழே முருகன் பார்வையில் அடுக்கி வைத்திருப்பாள். அண்டை வீட்டுக்காரர்கள் ரேஷன் கடைச் சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்று, கொஞ்சம் காக்க வைத்துத்தான் படித்துச் சொல்வேன். எனக்கு அவ்வளவு பெருமை அப்போதே இருந்தது.

அம்மா திருப்பூரில் எங்கள் மண்ணரையிலேயே ஒரு சின்னப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். பெரிய கம்பெனிகள் போலக் கண்ணாடிக் கதவும் அடையாள அட்டையும் கிடையாது. தகரக் கூரை போட்ட ஷெட். ஒரு பக்கம் தையல் மெஷின்கள், நடுவில் செக்கிங் மேஜைகள், கடைசியில் அயர்ன் மேஜை. தைத்து வந்த பீஸை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் செக்கிங். பழுது இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தனியாகப் போட வேண்டும். அம்பு எங்கே காட்டுகிறதோ அங்கே குறை. பழுதில்லாத பீஸை அப்படியே கவிழ்த்து அடுக்க வேண்டும்.

பதினோரு வருடமாகக் குறையையே தேடிப் பழகிய கண் அம்மாவுடையது. கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் பட்டுச்சேலையைப் பார்த்தால், மூன்றாவது மடிப்பில் ஒரு இழை போயிருக்கிறது என்பாள். தோசையில் ஓட்டை, கோலத்தில் கோணல், என் எழுத்தில் சாய்வு என்று எல்லாவற்றையும் காட்டுவாள், படிக்கத் தெரியாவிட்டாலும். டீச்சர் சொன்னதை நான் அம்மாவோடு பொருத்திப் பார்த்தேன். அம்மாவுக்குத்தான் இந்த நோட்டு கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

வீட்டில் துணைக்கு ஆளில்லாததால் அந்த மே மாதம் முழுக்க அம்மாவோடு கம்பெனிக்குப் போனேன். பஞ்சுத் தூசி தலையில் வெள்ளையாகப் படியும். அயர்ன் மேஜையிலிருந்து வரும் ஆவியில் ஈரத் துணி வாசமும் சூட்டு வாசமும் கலந்து மூக்கில் ஏறும். மதியம் இரண்டு மணிக்குத் தகரம் படபடவென்று தானாகவே சத்தம் போடும். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. முக்கியமாக, அங்கே சித்தி இருந்தாள்.

அவள் எனக்குச் சொந்தச் சித்தி இல்லை. தெற்கே தாமிரபரணிக் கரையிலிருந்து கல்யாணம் முடிந்த கையோடு திருப்பூருக்கு வந்தவள். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். ஆன்ட்டி என்று கூப்பிட்டால் கிழவி போல இருக்கிறது, சித்தி என்று கூப்பிடு என்று அவளே சொல்லிவிட்டாள். நூல் வெட்டிக்கொண்டிருந்த அவளை அம்மாதான் சூப்பர்வைசரிடம் சொல்லி, தன் பொறுப்பில் செக்கிங் மேஜைக்குக் கூட்டி வந்தாள். சின்ன சைஸ் பீஸ்களைச் சித்தியும் பெரிய சைஸ்களை அம்மாவும் பார்த்தார்கள். அம்மா அவளுக்குக் கற்றுக்கொடுத்ததில் முதல் விஷயமே, ஸ்டிக்கரைத் துணி மேல் மட்டும் ஒட்டு, பிரிண்ட் மேல் ஒட்டாதே என்பதுதான். பனியனில் அச்சிட்ட ரப்பர் பிரிண்ட் படம் சூட்டில் இளகும், பசையைப் பிடித்துக்கொள்ளும்.

சித்தி வந்த பிறகு மேஜையில் பேச்சு கூடியது. பாலத்தில் நின்று, சாயக் கழிவு ஓடும் நொய்யலை முதன்முதலாகப் பார்த்த கதையை அவள் சொல்வதை நான் நான்கைந்து முறை கேட்டிருப்பேன். "எங்க ஊர் ஆத்துல குளிச்சா அழுக்கு போவும்க்கா. இங்கன குளிச்சா சேலைக்குச் சாயம் ஏறும் போல." அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கொமரலிங்கம் வந்து பாரு புள்ள. அமராவதி ஓடுது. அது ஆறு," என்பாள். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை கொமரலிங்கம் போவது என்று முடிவானது.

அதற்கு முதல் நாள் சனிக்கிழமை. மேஜையில் குழந்தைகளுக்கான பனியன்கள் வந்திருந்தன. வெள்ளைத் துணி, நெஞ்சில் குடை பிடித்த மஞ்சள் வாத்து. அப்படி ஒரு மஞ்சளை நான் அதுவரை பார்த்ததில்லை. மத்தியானம் வேன் வந்து நிற்க, பண்டல் இறக்குவதற்கு அம்மாவையும் சித்தியையும் வாசலுக்குக் கூப்பிட்டார்கள். சித்தி பார்த்து முடித்த நல்ல பீஸ்களின் அடுக்கு என் முன்னால் இருந்தது. ஸ்டிக்கர் தாளும் இருந்தது.

வீட்டில் ஏற்கெனவே எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. அம்மா முந்தானையில் ஒட்டிக்கொண்டு வரும் ஒன்றிரண்டு அம்புகளை எடுத்து, எனக்குப் பிடித்த சாமான்களில் ஒட்டுவேன். நல்ல சத்தம் வரும் டம்ளர், ரயில் தெரிகிற ஜன்னல் கம்பி, அப்பாவின் சைக்கிள் மணி. குறைக்கு மட்டும் அம்பு வைக்கிறார்களே, நல்லதுக்கு யார் வைப்பது என்று யோசித்து நானே கண்டுபிடித்த வழி அது. அன்றைக்கு வாத்துகளைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. ஒரு பீஸை எடுத்தேன். குடையின் மேல் ஒரு அம்பு ஒட்டினேன். அம்மா செய்வது போலவே கவிழ்த்துப் போட்டேன். அடுத்தது. அடுத்தது. எத்தனை நல்ல வாத்து என்று எண்ணி நோட்டில் எழுதுவது, எழுதியதும் எல்லாவற்றையும் உரித்துவிடுவது என்பதுதான் திட்டம். முப்பத்தேழு வரை எண்ணினேன்.

அப்போது அம்மா வாசலிலிருந்து கூப்பிட்டாள். நாளைக்கு ஆற்றுக்குப் போவதால் இன்றைக்குச் சீக்கிரம் கிளம்புகிறோம், சந்தையில் மாங்காய் வாங்க வேண்டும், ஓடி வா என்றாள். மாங்காய் என்றதும் ஓடினேன். என் பின்னால் சித்தி அந்த அடுக்கை மேலோட்டமாகத் தட்டி, துணி நாடாவால் கட்டி, மேலே இன்னும் நான்கு பண்டல்களை ஏற்றி வைத்தாள். எல்லாம் கவிழ்ந்து இருந்ததால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு மறந்தே போனது.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பரிசு வாங்கிய பக்கம் அதுதான். சித்தி காலை ஆராதனை முடித்து, வெள்ளைச் சேலையோடே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள். உடுமலை வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. கொமரலிங்கத்தில் இறங்கியதும் நெல் வயல் வாசம் வந்தது. அந்த வாசத்துக்குப் பெயர் தெரியாமல் 'பச்சை வாசம்' என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். ஆற்றில் தண்ணீர் இடுப்பளவு. அடியில் கூழாங்கல் தெரிந்தது. சித்தி ஒரே பாய்ச்சலில் மறுகரைக்குப் போய்த் திரும்பினாள். அம்மா கரையில் உட்கார்ந்து கால் மட்டும் நனைத்தாள். சித்தி விடவில்லை. முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து அம்மாவை மல்லாக்க மிதக்கவிட்டாள். காதுக்குள் தண்ணீர் போனதும் அம்மா சிரித்தாள். அம்மா அப்படிச் சிரிப்பாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. வீட்டில் அவள் சிரிக்கும்போது வாயை முந்தானையால் மூடிக்கொள்வாள். அங்கே முந்தானை தண்ணீரில் எங்கோ மிதந்தது.

மாங்காயை உப்பு மிளகாயோடு தின்று முடிப்பதற்குள் சித்தியின் செருப்பு ஒன்றை ஆறு கொண்டுபோய்விட்டது. பஸ் நிறுத்தம் வரை தார் ரோடு கொதித்தது. அம்மா தன் செருப்பில் ஒன்றைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தாள். ஒற்றைச் செருப்போடு அம்மா நொண்டுவதைப் பார்த்துச் சித்தி அதைத் திருப்பிக் கொடுத்தாள். பத்தடிக்கு ஒருதரம் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் நொண்டியடித்துக்கொண்டு, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு போனார்கள். இதைப் படமாக வரையப்போகிறேன் என்று பஸ்ஸிலேயே சித்தியிடம் சொன்னேன். அன்று இரவு நோட்டில் கடைசி வரியாக எழுதினேன்: 'இன்று அம்மா ஒரு குறையும் சொல்லவில்லை.'

நாங்கள் ஆற்றில் இருந்த அந்த நாள் முழுக்கப் பூட்டிய ஷெட்டில், தகரச் சூட்டில், நான்கு பண்டல் கனத்துக்கு அடியில் முப்பத்தேழு அம்புகளும் வாத்துகளின் குடையில் இறங்கிக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை காலை அயர்ன் மேஜையில் பண்டலைப் பிரித்தார்கள். ஸ்டிக்கரை உரித்தபோது பிரிண்டும் சேர்ந்து வந்தது. ஒவ்வொரு குடையிலும் அம்பு வடிவத்தில் ஒரு வெள்ளைப் பொத்தல். அந்தச் சைஸுக்கு மறுபடி வெட்டத் துணி இல்லை. சரக்கு புதன்கிழமை கிளம்ப வேண்டும். சூப்பர்வைசர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றும் போடவில்லை. மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, பீஸ்களைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து சித்தியின் மேஜையில் வைத்தார். எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

சித்தி ஒரு பீஸை விரித்துப் பார்த்தாள். "நான் ஒட்டலண்ணே," என்றாள்.

அம்மா அதை அவள் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் முகம் மாறியது. "பிரிண்ட் மேல ஒட்டக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா புள்ள உன்கிட்ட?"

"சொன்னீய. ஒட்டலக்கா."

"அப்பறம் இது எப்படி வந்துச்சு?"

சித்தி என்னைப் பார்த்தாள். குற்றம் சாட்டிய பார்வை இல்லை. யோசித்துக்கொண்டே பார்த்தாள். பிள்ளை ஏதும் விளையாட்டுக்குச் செய்திருக்குமோ என்று மெதுவாகக் கேட்டாள். சூப்பர்வைசர் என் உயரத்துக்குக் குனிந்தார். "நீ ஏதாச்சும் ஒட்டுனியா கண்ணு? பயப்படாமச் சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் தோளில் கை வைத்துவிட்டாள். "என்ற புள்ள படிக்கிற புள்ளைங்க. எதுல ஒட்டோணும், எதுல ஒட்டக் கூடாதுன்னு அதுக்குத் தெரியாதுங்களா?"

அந்தக் கை இப்போதும் என் தோளில் இருக்கிறது. நான் பயத்தினால் மட்டும் பொய் சொன்னேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். நான் சீட்டு படித்துக் கொடுத்தவர்கள். படிக்கிற பிள்ளை என்று அவர்கள் முன்னால் அம்மா தூக்கி வைத்த இடத்திலிருந்து இறங்க எனக்கு மனம் வரவில்லை. "இல்லீங்க," என்றேன். சனிக்கிழமை ஸ்டிக்கர் உரித்த வெறும் தாள், அன்றும் நான் போட்டிருந்த அதே பாவாடையின் பைக்குள் இருந்தது.

சூப்பர்வைசர் அம்மாவைப் பார்த்து, நீங்கள் கூட்டி வந்த ஆள், நீங்களே சொல்லுங்கள் என்றார். அம்மா கொஞ்ச நேரம் அந்தப் பீஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளாத்தானுங்க இருக்கோணும்," என்றாள்.

நூல் வெட்டும் சின்னக் கத்தரியைச் சித்தி கழுத்தில் நாடா கட்டித் தொங்கவிட்டிருப்பாள். அதைக் கழற்றி மேஜையில் வைத்தாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். யாரையும் எதுவும் சொல்லாமல் போய்விட்டாள். மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின.

அம்மாவும் அன்றைக்கு மேற்கொண்டு வேலை செய்யவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு பொழுதோடே வீட்டுக்கு வந்துவிட்டாள். அத்தனை பேர் முன்னால் பிள்ளையைக் கேள்வி கேட்டுவிட்டார்களே, பயந்திருக்கும் என்று அப்பாவிடம் சொன்னாள். நான் பயந்திருப்பேன் என்று எனக்காகப் பூரி சுட்டாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் எங்கள் வீட்டில் பூரி. நான் ஆறு தின்றேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு நோட்டில் இப்படி இருக்கிறது: 'இன்று அம்மா சீக்கிரம் வீட்டுக்கு வந்தாள். பூரி சுட்டாள். எல்லாப் பூரியும் உப்பி வந்தது.' கீழே அம்மாவின் கையெழுத்து. என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டாள், படித்துக் காட்டினேன். அவளுக்குச் சந்தோஷம். கெட்டதை எழுதக் கூடாது என்பது விதி. நான் விதியை மீறவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலுக்கு வெளியே நின்று அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா அடுப்படியிலிருந்தே, வேலையாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். நான் உள்ளே தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஆற்றுப் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, படம் வரைஞ்சு முடிச்சாச்சா? எனக்குக் காட்டு," என்றாள். நான் நோட்டை மூடி அதன் மேல் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அவள் நிழல் சுவரில் இருந்தது. பிறகு இல்லை.

பள்ளி திறந்தது. நோட்டுகளை மேஜை மேல் வரிசையாக விரித்து வைத்தோம். ஊட்டி, கொடைக்கானல், கன்னியாகுமரி எல்லாம் உங்கள் நோட்டுகளில் இருந்தன. ஆனால் டீச்சர் என் மூன்று செருப்பைத்தான் தூக்கிக் காட்டினார். மகிழ்ச்சி தூரத்தில் இல்லை என்பதற்கு இதுதான் சாட்சி என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். பக்கத்தில் இருப்பது யார் என்று டீச்சர் கேட்டபோது, சித்தி, ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். அவள் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள்.

அன்று அம்மா அரைநாள் விடுப்பு எடுத்து வந்திருந்தாள். படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றாள். "அவள எதுக்கு வரஞ்ச?" என்றாள். அப்புறம் குனிந்து உற்றுப் பார்த்து, "செருப்பு வாரு நல்லா வந்திருக்குது," என்றாள்.

சித்தியை அதன் பிறகு சுற்றுவட்டாரத்தில் யாரும் செக்கிங்கில் சேர்க்கவில்லை. பனியன் மடிக்கிற வேலைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். வீட்டையும் மாற்றிக்கொண்டாள். மண்ணரையிலேயே இன்னொரு மூலை. அவள் தெருவழியே போகாமல் இருப்பதற்காக அம்மா மார்க்கெட்டுக்குச் சுற்றிக்கொண்டு போவாள். கூடவே நானும்.

நோட்டு முடிந்தும் பழக்கம் முடியவில்லை. கல்லூரி வரை தினமும் ஒரு நல்லது எழுதினேன். அது எனக்கு நிறையக் கொடுத்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பரீட்சையில் தோற்றபோதும் அப்பாவுக்குக் கை வெந்தபோதும் அந்தப் பழக்கம்தான் என்னை நிறுத்தி வைத்தது. இப்போது நான் ஒரு பெரிய கம்பெனியில் தொழிலாளர் நல அலுவலராக இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம், முதல் மேஜை, முதல் பெயர்ப்பலகை. சனிக்கிழமைகளில் தையல் பிரிவுப் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். தினமும் ஒரு நல்லதைக் குறித்து வையுங்கள் என்று நம் டீச்சர் குரலிலேயே சொல்கிறேன். ஆனால் நல்லதையே பார்த்துப் பழகிய என் கண், ஒரு திங்கட்கிழமையின் மேல் வரும்போதெல்லாம் பூரியை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துபோகவும் பழகியிருந்தது. படத்தைப் போட்ட பிறகு உங்களில் ஒருத்தி கேட்ட கேள்வியில்தான் அது தடுக்கி நின்றது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வாத்து, அம்பு, பாவாடைப் பையில் இருந்த தாள் எல்லாம் சொன்னேன். அவள் கை நின்றது.

"நான் சின்னப் புள்ளதானுங்கம்மா அப்ப," என்றேன்.

"அன்னிக்குச் சின்னப் புள்ள. அப்பறம்?"

நான் முறத்திலிருந்து ஒரு காயை எடுத்து உரிக்கத் தொடங்கினேன்.

"அத்தன பேரு முன்னால அவள நான் கேட்டேன். நீ பக்கத்துல நின்னுட்டிருந்த." அவரைக்காய் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். சேலையைச் சரி செய்துகொண்டாள். "கெளம்பு."

வண்டியை எடுக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று முன்னால் நடந்தாள். பத்து நிமிட நடை. நான் இரண்டு மூன்று இடத்தில் வழி கேட்க நினைத்தேன். அம்மா எங்கும் நிற்கவில்லை. அந்த வீடு எது என்று அவளுக்கு இத்தனை வருடமும் தெரிந்திருக்கிறது.

வரிசையாக ஐந்து வீடுகள், பொதுவில் ஒரு குழாய். மூன்றாவது வாசலில் சித்தி குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். முன்நெற்றி முடி நரைத்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். "வாங்கக்கா," என்றாள், நேற்றும் வந்து போனவளைக் கூப்பிடுவது போல. உள்ளே ஒரே அறை. பாயை விரித்தாள். அம்மா உட்காரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லு," என்றாள்.

சொன்னேன். அலுவலகத்தில் ஐம்பது பேர் முன்னால் தடுமாறாமல் பேசுகிற எனக்கு அங்கே ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு தேவைப்பட்டது. சித்தி குடத்தை மடியில் வைத்துக்கொண்டே கேட்டாள். கோபப்படுவாள், அழுவாள், போகட்டும் விடு என்பாள் என்று வழியெல்லாம் நினைத்து வந்திருந்தேன். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எங்கன ஒட்டுன? குடை மேலயா?"

"குடை மேலதான் சித்தி."

குடத்தை மெதுவாகத் தரையில் வைத்தாள். "எங் கையால ஒட்டுன மாரியே எனக்கு ஞாபகம் இருக்கு," என்றாள். "மொதல்ல ஒட்டலன்னுதான் இருந்தேன். எல்லாரும் சொன்னாவ. நீங்களும் சொன்னீய. ஒருவேள நெனவில்லாம ஒட்டிட்டேனோன்னு யோசிச்சேன். யோசிச்சு யோசிச்சு, நாந்தான் ஒட்டுனேன்னே ஆயிட்டு. அந்தக் குடை, அதுல எங் கை, எல்லாம் கண்ணுக்குள்ள நிக்கி."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். சித்தி நகர்ந்து பாயில் இடம் விட்டாள். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை.

சித்திக்கு ஒரு மகள் இருப்பதும், பன்னிரண்டாவது முடித்துவிட்டு இந்த மாதம்தான் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்திருப்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. "வேலைக்குப் போவுததுக்கு மொத நாள் அவளக் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னேன்," என்றாள் சித்தி. "ஏட்டி, பிரிண்ட் மேல மட்டும் ஒட்டிராத. ஒங்கம்மா அப்படி ஒட்டித்தான் செக்கிங்ல இருந்து எறங்குனா, கூட இருந்த நல்ல மனுசிக்கும் கெட்ட பேரு வாங்கிக் கொடுத்தான்னு. அவ எம் மூஞ்சிய ஒரு மாரி பாத்தா."

நான் மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தேன். சித்தி கையைக் காட்டி நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமையும் மகளுக்கு வேலை இருக்கிறது, ஆறு மணிக்கு வந்துவிடுவாள், அதுவரை இரு என்றாள்.

காத்திருந்தோம். குழாயில் தண்ணீர் வந்து நின்றது. ஆறு மணி தாண்டி அந்தப் பெண் வந்தாள். தலையில் பஞ்சுத் தூசி, தோளில் சாப்பாட்டுப் பை. வீட்டில் ஆட்களைப் பார்த்ததும் வாசலில் தயங்கினாள்.

"கை கால் அப்புறம் கழுவலாம். இங்ஙன வந்து உக்காரு," என்றாள் சித்தி. "இந்த அக்கா உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு தன் அம்மாவின் முகத்தை நேராகப் பார்க்காமல் உட்கார்ந்தாள். நான் எழுந்து நின்றேன். என் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தச் சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து, முதல் பீஸை நான் கையில் எடுத்ததிலிருந்து, மறுபடியும் சொல்லத் தொடங்கினேன்.